டாக்டர் ஹூ டைட்டில் இசை: மெட்டு ஒருவருடையது, ஒலி இன்னொருவருடையது, பெயர் யாருக்கு?

பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் செய்தியில் வரும்போதெல்லாம் அதன் டைட்டில் இசையைப் பற்றிய ஒரு குழப்பமும் கூடவே வருகிறது. சில இடங்களில் ‘இசை: ரான் கிரெய்னர்’ என்று போட்டிருக்கிறது. வேறு சில இடங்களில், அந்த இசையை உருவாக்கியவர் டீலியா டார்பிஷர் என்ற பெண் என்று எழுதுகிறார்கள். இரண்டுமே உண்மைதான். ஆனால் 1963ல் முதல் முறை ஒளிபரப்பான அந்த இசைக்கு டார்பிஷரின் பெயர் திரையில் வந்தது 2013ல், தொடரின் ஐம்பதாவது ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில். அதற்கு 12 வருடங்கள் முன்பே அவர் இறந்துவிட்டார்.

ஒருவருடைய பெயரை யாரோ மறந்துவிட்டார்கள் என்று இதை முடித்துவிட முடியாது. தொலைக்காட்சி இசையில் ‘இசையமைத்தவர்’ என்று யாரைக் கணக்கில் எடுக்கிறார்கள், பணம் யாருக்குப் போகிறது என்ற விதிகள், எழுதி வைத்த மெட்டை மட்டும் மனதில் வைத்து உருவானவை. ஒலியையே உருவாக்குகிற இசைக்கலைஞருக்கு அந்த விதிகளில் இடம் இல்லை. டார்பிஷரின் வாழ்க்கை அதற்கு மிகத் தெளிவான உதாரணம். வீட்டில் ஒரு கணினியோடு உட்கார்ந்து தொடர்களுக்கு இசை செய்கிறவர்கள் இன்றைக்கும் இதே கேள்வியைத்தான் சந்திக்கிறார்கள்.

ஒரு இசைத்துண்டில் எத்தனை வேலைகள்

முதலில் அடிப்படை. டிவியில் நாம் கேட்கும் ஒரு டைட்டில் இசையில் மூன்று தனித்தனி வேலைகள் அடங்கியிருக்கின்றன.

1. மெட்டு அமைப்பது. எந்த ஸ்வரம், எந்தத் தாளம், எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பது. இதைத் தாளில் எழுதிவிடலாம். சட்டம் ‘இசைப்படைப்பு’ என்று சொல்வது முதன்மையாக இதைத்தான்.

2. இசைக்கோப்பு. அந்த மெட்டை எந்தக் கருவி வாசிக்க வேண்டும், பின்னால் என்ன ஓட வேண்டும், எங்கே ஏற்றம், எங்கே அடக்கம் என்பது.

3. ஒலிப்பதிவு. வாசித்ததைப் பதிவு செய்து கேட்கத் தகுந்த வடிவில் கொடுப்பது. இந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அது பெரும்பாலும் பதிவுக்குச் செலவு செய்த நிறுவனத்திடம் இருக்கும்.

வயலினும் டிரம்பெட்டும் இருக்கிற ஆர்கெஸ்ட்ராவில் இந்த மூன்றையும் ஓரளவு பிரித்துச் சொல்லிவிட முடியும். வயலின் எப்படி ஒலிக்கும் என்பது எழுதுகிறவருக்கு முன்பே தெரியும். மின்னணு இசையில் நிலைமை வேறு. கருவி என்று ஒன்றே கிடையாது. முதலில் ஒலியையே செய்தாக வேண்டும். தாளில் ‘மேகம்’ என்று ஒரு சொல் எழுதியிருந்தால், அந்த மேகம் காதில் எப்படி விழ வேண்டும் என்று தீர்மானிப்பவர் செய்வது இசையமைப்பா, தொழில்நுட்ப உதவியா? சண்டை முழுவதும் இங்கேதான்.

கணிதமும் இசையும் படித்த ஒரு பெண்

டீலியா டார்பிஷர் 1937ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பிறந்தார். 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரைக் குண்டு வீசி அழித்தபோது அவருக்கு மூன்று வயது. விமானத் தாக்குதல் சைரன்தான் தான் கேட்ட முதல் மின்னணு இசை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் கணிதமும் இசையும் படித்து 1959ல் பட்டம் பெற்றார். அதே வருடம் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று பதில் வந்தது.

1960ல் பிபிசியில் ஸ்டுடியோ உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் என்று ஒரு சிறிய பிரிவு இருந்தது. லண்டனின் மைடா வேல் ஸ்டுடியோவில் 1958ல் டாஃப்னி ஓரமும் டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் தொடங்கியது அது. வானொலி நாடகங்களுக்கும் பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் வழக்கமான கருவிகளால் தர முடியாத ஒலிகளைச் செய்து கொடுப்பது அதன் வேலை. பலரும் போகத் தயங்கிய அந்தப் பிரிவுக்கு டார்பிஷர் தானே கேட்டுப் போனார், 1962ல்.

ஒரு விஷயத்தை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிரிவில் இருந்தவர்கள் வேலை நியமனப்படி இசையமைப்பாளர்கள் இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் ஸ்டுடியோ ஊழியர்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் வேர்.

ஒரு கம்பி, சில ஆசிலேட்டர்கள், ஒரு ரேஸர் பிளேடு

1963ல் புதிய அறிவியல் புனைவுத் தொடருக்கு டைட்டில் இசை வேண்டும் என்று தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் கேட்டார். ஆஸ்திரேலியரான ரான் கிரெய்னர் அப்போதே பெயர் பெற்ற தொலைக்காட்சி இசையமைப்பாளர். அவர் மெட்டை எழுதினார். மொத்தம் ஒரே ஒரு தாள். அதில் பாஸ் வரி (அடியில் தாழ்ந்த சுருதியில் ஓடும் வரி) இருந்தது, மேலே ஓடும் மெட்டு இருந்தது. சில இடங்களில் ‘காற்றுக் குமிழி’, ‘மேகங்கள்’ என்பது போன்ற குறிப்புகள் மட்டும் இருந்தன. அதை ஒலியாக்கும் பொறுப்பு டார்பிஷருக்கு வந்தது. டிக் மில்ஸ் உதவிக்கு இருந்தார்.

அன்றைக்கு வொர்க்‌ஷாப்பில் சின்தசைசர் (மின்சுற்றுகளால் இசை ஒலிகளை உருவாக்கும் கருவி) கிடையாது. பல தடங்களை ஒரே நாடாவில் பதியும் மல்டிடிராக் ரெக்கார்டரும் கிடையாது. இருந்தவை டேப் ரெக்கார்டர்களும், மின்சாதனங்களைச் சோதிக்கப் பொறியாளர்கள் வைத்திருக்கும் ஆசிலேட்டர்களும்தான். ஆசிலேட்டர் என்பது ஒரே சுருதியில் தொடர்ச்சியாக ஒலிக்கும் மின் அலையை உண்டாக்கும் பெட்டி. இவற்றை வைத்து நடந்த வேலை இது:

1. பாஸ் வரிக்கு, இழுத்துக் கட்டிய ஒரு கம்பியை மீட்டி அந்த ஒலியைப் பதிவு செய்தார்கள். வரியில் வரும் ஒவ்வொரு ஸ்வரமும் அந்தப் பதிவிலிருந்து வந்ததுதான், நாடாவின் வேகத்தை மாற்றி மாற்றி எடுத்தது.

2. மெட்டுக்கு ஆசிலேட்டர். அதன் திருகியைக் கையால் திருப்பினால் சுருதி வழுக்கிக்கொண்டு போகும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அந்த இசை வளைந்து இறங்குகிறதே, அது கைவேலை.

3. ‘மேகங்களுக்கு’ வெள்ளை இரைச்சல். எல்லா அதிர்வெண்களும் ஒன்றாகக் கலந்த ‘உஸ்’ என்ற ஒலி. நிலையம் கிடைக்காத ரேடியோவில் கேட்பது. அதை வடிகட்டி, வேண்டிய பகுதியை மட்டும் எடுத்தார்கள்.

4. ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித் துண்டாக ரேஸர் பிளேடால் வெட்டி, ஒட்டும் நாடாவால் வரிசையாக ஒட்டினார்கள்.

வேகத்தை மாற்றுவது கேட்க எளிதாக இருக்கும். உண்மையில் கணக்கு நிறைய. நாடாவை இரட்டை வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகும், ஒலியின் நீளம் பாதியாகும். ச-விலிருந்து ப-வுக்குப் போக வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக வேண்டும். அடுத்தடுத்த இரண்டு அரை ஸ்வரங்களுக்கு நடுவே வித்தியாசம் கிட்டத்தட்ட 6 சதவீதம். அதாவது சுருதியைத் தொட்டால் நீளமும் மாறும். அதற்குத் தகுந்தபடி துண்டை மறுபடி அளந்து வெட்ட வேண்டும்.

நீளமும் அங்குலக் கணக்குதான். தொழில்முறை டேப் ரெக்கார்டரில் நாடா வினாடிக்கு 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற காலப்பிரமாணத்தில் ஒரு தட்டுக்கு 19 சென்டிமீட்டர் நாடா தேவை. அரைத் தட்டுக்கு 9.5. ஒரு துண்டு அரை சென்டிமீட்டர் பிசகினாலே தாளம் தப்பத் தொடங்கும். கணிதம் படித்த இசைக்கலைஞர் ஒருவர் இந்த இடத்தில் இருந்தது தற்செயலான அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. அந்த வேலையைத் தேடிப் போனவரே அவர்தான்.

பாஸ் ஒரு நாடா, மெட்டு ஒரு நாடா, மற்ற ஒலிகள் இன்னொன்று என்று தயாரான பின் எல்லா இயந்திரங்களையும் ஒரே நொடியில் கையால் ஓடவிட்டு, சேர்ந்து ஒலிப்பதை வேறொரு நாடாவில் பதிய வேண்டும். ஒரு முறை எங்கோ ஒரு ஸ்வரம் பிசகி ஒலித்திருக்கிறது. எந்த நாடாவில் தப்பு என்று தெரியவில்லை. நாடாக்களை மைடா வேலின் நீண்ட நடைபாதையில் பக்கம் பக்கமாக விரித்துப் போட்டு, ஒட்டுகள் எங்கே பொருந்தாமல் போகின்றன என்று கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

முடிந்த இசையைக் கேட்ட கிரெய்னர், இதை நானா எழுதினேன் என்று வியந்து கேட்டாராம். பெரும்பாலும் நீங்கள்தான் என்றாராம் டார்பிஷர்.

கிரெய்னர் கேட்டும் பிபிசி ஏன் மறுத்தது

டார்பிஷரைக் கூட்டு இசையமைப்பாளராகச் சேர்க்க வேண்டும் என்று கிரெய்னரே முயன்றார். மெட்டை எழுதியவர், தன் பங்கு குறையும் என்று தெரிந்தும், இன்னொருவருக்கு இடம் கேட்டார். இந்தக் கதையில் அவரை வில்லனாகக் காட்டுவது அநியாயம். மறுத்தது நிறுவனம். வொர்க்‌ஷாப் ஊழியர்களின் தனிப்பெயர் வெளியே வரக் கூடாது என்பது அன்றைய பிபிசி நடைமுறை. 1963 நவம்பர் 23 அன்று முதல் அத்தியாயம் ஒளிபரப்பானபோது வொர்க்‌ஷாப்பின் பெயர் இருந்தது, டார்பிஷரின் பெயர் இல்லை.

சட்டமும் நிறுவனத்தின் பக்கம்தான் இருந்தது. வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளி என்பது பிரிட்டனின் 1956 பதிப்புரிமைச் சட்டம் சொன்ன பொது விதி. படைத்தவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்ற உரிமை அங்கே 1988 சட்டத்தில்தான் வந்தது. அதுவும், பதிப்புரிமை முதலிலிருந்தே முதலாளியிடம் இருக்கும் படைப்புகளில், முதலாளி செய்வதை அந்த உரிமை கட்டுப்படுத்தாது. ஆக, டார்பிஷர் கால் நூற்றாண்டு பிந்தி வேலைக்குச் சேர்ந்திருந்தாலும் சட்டத்தைக் காட்டிப் பெயர் கேட்டிருக்க முடியாது.

உதவியாளரா, இசையமைப்பாளரா? ஒரு விளக்கின் மூடி சொல்லும் பதில்

டாக்டர் ஹூ ஒன்றை மட்டும் வைத்து டார்பிஷரை எடைபோட்டால், அடுத்தவர் மெட்டுக்கு ஒலி கொடுத்தவர் என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். அவருடைய சொந்தப் படைப்புகளைக் கேட்டால் அந்த வாதம் நிற்காது.

சஹாராவின் துவாரெக் மக்களைப் பற்றிய ஒரு பிபிசி ஆவணப்படத்துக்கு 1967ல் அவர் செய்த இசை ‘புளூ வெயில்ஸ் அண்ட் கோல்டன் சேண்ட்ஸ்’. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட ‘கருவி’ ஸ்டுடியோவில் கிடந்த பச்சை நிற உலோக விளக்கு மூடி. தட்டினால் ‘டங்’ என்று அடிக்கும், அப்புறம் ரீங்காரம் நீளும். பதிவிலிருந்து அந்த முதல் அடியை வெட்டி எறிந்துவிட்டார். மிச்சமிருந்த ரீங்காரத்தில் எந்தெந்த அதிர்வுகள் சேர்ந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்த்து, அவற்றைத் தனித்தனி ஆசிலேட்டர்களில் மறுபடி உண்டாக்கிக் கலந்தார். வெயிலில் பாலைவனக் காற்று நெளிவது போன்ற ஓர் ஒலி கிடைத்தது. இங்கே மெட்டு, இசைக்கோப்பு, பதிவு மூன்றும் ஒரே கையிலிருந்து வந்தவை. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட முடியாது.

1964ல் நாடக ஆசிரியர் பேரி பெர்மாங்கேயுடன் சேர்ந்து, மனிதர்கள் தங்கள் கனவுகளை விவரிக்கும் குரல்களை வெட்டி அடுக்கி ஒரு வானொலிப் படைப்பும் செய்தார். 1966ல் பீட்டர் ஜினோவியெஃப், பிரையன் ஹாட்ஜ்சன் இருவரோடும் யூனிட் டெல்டா பிளஸ் என்ற குழுவைத் தொடங்கினார். 1969ல் வெளிவந்த ஒயிட் நாய்ஸ் குழுவின் முதல் ஆல்பத்திலும் அவர் பங்கு உண்டு.

சின்தசைசர் வந்தபின்

1970களின் தொடக்கத்தில் வொர்க்‌ஷாப்புக்கு இஎம்எஸ் நிறுவனத்தின் பெரிய சின்தசைசர் வந்தது. ஸ்டுடியோ இருந்த தெருவின் பெயரால் ‘டெலவேர்’ என்றே அதை அழைத்தார்கள். இதை வைத்து 1972ல் டாக்டர் ஹூ இசையைப் புதிதாகச் செய்து பார்த்தார்கள். டார்பிஷரும் அதில் இருந்தார். கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை, கைவிடப்பட்டது. நாடாவை வெட்டி ஒட்டிய பழைய வடிவமே அடிப்படையாகத் தொடர்ந்தது. 1980ல்தான் பீட்டர் ஹவெல் செய்த சின்தசைசர் வடிவம் அதன் இடத்துக்கு வந்தது.

டார்பிஷருக்கு இந்த மாற்றம் ஒத்துவரவில்லை. 1973ல் பிபிசியை விட்டு விலகினார். இசையை விட்டே பல வருடங்கள் ஒதுங்கியிருந்து 1990களின் இறுதியில் திரும்பினார். 2001 ஜூலையில், 64வது வயதில் இறந்தார். அவர் வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் கிடைத்தன. அவை பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போய் டிஜிட்டலாக மாற்றப்பட்டன.

இதே வேலையை இருபது வருடம் கழித்துச் செய்த ஒருவரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கே என்று புரியும். யான் ஹாமர் 1948ல் பிராக் நகரில் பிறந்து அமெரிக்கா போனவர். ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவர். 1984ல் தொடங்கிய ‘மயாமி வைஸ்’ தொடருக்கு, சிட்னியில் உருவான ஃபேர்லைட் என்ற கணினிக் கருவியை முக்கியமாக வைத்து, சொந்த ஸ்டுடியோவிலேயே வாராவாரம் இசை செய்தார். ஒலியும் அவரே, மெட்டும் அவரே. திரையிலும் அவர் பெயர். 1985 நவம்பரில் அந்த டைட்டில் இசை அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அடுத்த வருடம் இரண்டு கிராமி விருதுகள். கருவி முன்னேறியது ஒரு காரணம்தான். ஹாமர் மாதச் சம்பள ஊழியராக இல்லாமல் ஒப்பந்தம் போட்டு வேலை செய்த இசையமைப்பாளர் என்பதை அதைவிடப் பெரிய காரணமாக நான் பார்க்கிறேன்.

பிற்பாடு கேட்டால் கிடைக்குமா

சில சமயம் கிடைக்கும். 1967ல் வெளிவந்த, புரோக்கோல் ஹாரம் என்ற ராக் குழுவின் ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாடலில் ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர், பாட்டின் அடையாளமாகிவிட்ட அந்த ஆர்கன் இசை தன் படைப்பு என்று பல பத்தாண்டுகள் கழித்து வழக்குப் போட்டார். 2006ல் லண்டன் உயர் நீதிமன்றம் அவரைக் கூட்டுப் படைப்பாளி என்று ஏற்று, இசை உரிமையில் 40 சதவீதம் கொடுத்தது. மேல்முறையீடுகளுக்குப் பின் 2009ல், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது. தாளில் எழுதாமல், பதிவுக்கூடத்தில் வாசித்துச் சேர்த்ததும் இசையமைப்புதான் என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

டார்பிஷருக்கு இது பொருந்துமா? கலை என்ற அளவில் ஃபிஷரைவிட அவருடைய பங்கு பெரிது என்பேன். ஆனால் ஃபிஷர் குழுவின் உறுப்பினர், யாருடைய சம்பள ஊழியரும் இல்லை. டார்பிஷர் கூட்டுப் படைப்பாளி என்று ஒரு நீதிமன்றம் ஏற்றிருந்தாலும், அந்தப் பங்கு போய்ச் சேர்ந்திருக்கும் இடம் பிபிசியாகவே இருந்திருக்கும்.

இன்று தொடருக்கு இசை செய்கிறவர்கள் பார்க்க வேண்டியவை

இன்றைய தொலைக்காட்சி, ஓடிடி இசையில் பெரும்பகுதி ‘பேக்கேஜ்’ முறையில் நடக்கிறது. ஒரே தொகை, அதற்குள் மெட்டு, புரோகிராமிங், வாசிப்பு, மிக்ஸிங் எல்லாம். டார்பிஷரும் ஹாமரும் செய்த அத்தனையும் இப்போது ஒரே ஆளின் லேப்டாப்பில் நடக்கிறது. அதனால் கீழே உள்ள மூன்றும் முக்கியம்.

1. ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்பது. வேலை தொடங்கும் முன்பே இது எழுத்தில் தெளிவாக வேண்டும். பெரிய இசையமைப்பாளரின் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து தொடர் முழுவதற்கும் ஒலி வடிவமைக்கிறவர்கள் ஏறக்குறைய 1963ல் டார்பிஷர் இருந்த இடத்தில்தான் இருக்கிறார்கள்.

2. ஒளிபரப்பு ராயல்டி. இசை ஒவ்வொரு முறை ஒளிபரப்பாகும்போதும் இசை உரிமைச் சங்கங்கள் வழியாக வரும் பணம் இது. ‘பை-அவுட்’ என்றால் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு இந்த வருமானத்தை விட்டுக்கொடுப்பது. 2019 இறுதியில் டிஸ்கவரி நிறுவனம் தன் இசையமைப்பாளர்களிடம் அமெரிக்க ஒளிபரப்பு ராயல்டியை விட்டுவிடச் சொன்னது. பலத்த எதிர்ப்பு கிளம்பியபின் பின்வாங்கியது.

3. கியூ ஷீட். ஒரு அத்தியாயத்தில் எந்த இசை, எத்தனை வினாடி, டைட்டிலா பின்னணியா, யார் படைத்தது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று தயாரிப்பாளர் தரப்பு நிரப்பும் பட்டியல் இது. உரிமைச் சங்கங்கள் இதைப் பார்த்துத்தான் பணத்தைப் பிரிக்கின்றன. இதில் பெயர் இல்லையென்றால், திரையில் எவ்வளவு பெரிதாகப் பெயர் போட்டாலும் ராயல்டி வராது. இதில் இருந்தால், திரையில் வராவிட்டாலும் வரும்.

டார்பிஷருக்கு 2013ல் கிடைத்தது திரையில் வரும் பெயர். அது மரியாதை. கியூ ஷீட்டில் வரும் பெயர் வருமானம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பங்கு எவ்வளவு என்ற பேச்சைக் கியூ ஷீட் சமர்ப்பிக்கப்படும் முன்பே முடித்துவிடுவது நல்லது. ஒளிபரப்பான பிறகு திருத்தம் கேட்கலாம், ஆனால் அதற்குத் தயாரிப்பாளரும் ஏற்கனவே பட்டியலில் இருக்கும் இசையமைப்பாளரும் சம்மதிக்க வேண்டியிருக்கும்.